தமிழ்நாடு அரசு வெளியீடுகளைத் துறைவாரியாக அடுக்குவதா, பொருள்வாரியாக அடுக்குவதா?

காவிரிக்கரை நூலகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் டெல்டாப் பகுதியில் ஓர் உதவிபெறும் கல்லூரியின் நூலகராகப் பணிபுரிகிறேன். வருவாய்த் துறையில் உயர் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் சேர்த்து வைத்திருந்த அரசு வெளியீடுகளை, அவருடைய குடும்பத்தார் அண்மையில் எங்கள் நூலகத்துக்கு அளித்தார்கள். துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகள், கட்டுமானம் செய்யப்பட்ட அரசிதழ்கள், விசாரணைக் குழுக்களின் அறிக்கைகள், பருவ மற்றும் பயிர் அறிக்கைகள், பழைய மாவட்ட விவரச் சுவடிகள், 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சென்னை மாநிலத் தொகுதிகள், கயிற்றால் கட்டிய அரசாணைக் கட்டுகள் என்று ஓர் அறை நிறைய இருக்கின்றன.

எங்கள் நூலகத்தில், பொருளுக்கு ஏற்ப நூல்களுக்கு எண் இடும் டூயி தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றுகிறோம். பட்டியல் கோஹா மென்பொருளில் உள்ளது. முதல் கட்டமாகச் சில பெட்டிகளைப் பிரித்துப் பகுப்பு எண் இட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவை 351.5482 (தமிழ்நாட்டின் பொது நிருவாகம்) என்ற ஒரே எண்ணில் வந்து குவிகின்றன. மீதி நூலகமெங்கும் சிதறுகின்றன. பட்டியலில் ஆசிரியராக எந்தப் பெயரை இடுவது என்ற ஆசிரியர் தலைப்பிலும் தெளிவில்லை. 1969க்கு முந்தைய வெளியீடுகளுக்குச் சென்னை மாநிலம் என்று இடுவதா, எல்லாவற்றையும் தமிழ்நாடு என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கொண்டுவருவதா? அரசாணைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட வேண்டுமா? இவ்வகைச் சேகரிப்பைக் கையாண்டவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எழும்பூர்வாசி (பதில்)

வணக்கம் ஐயா. பகுப்பு எண்ணைப் பற்றி யோசிப்பதற்கு முன்பாக, உங்களிடம் வந்திருப்பவற்றில் எவை உண்மையிலேயே மாநில அரசின் வெளியீடுகள் என்று பிரித்துவிடுங்கள். 1961 கணக்கெடுப்பின் ஒன்பதாம் தொகுதி முழுவதும் சென்னை மாநிலத்தைப் பற்றியது. அதில் சிற்றூர் ஆய்வுகளும் உண்டு, மாநிலக் கோயில்களைப் பற்றிய பகுதிகளும் உண்டு. ஆயினும் அதை வெளியிட்டது மத்திய அரசு. இந்தியத் தலைமைக் கணக்காயரின் (சி.ஏ.ஜி.) தணிக்கை அறிக்கைகளும் அப்படித்தான். அரசமைப்புச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி அவை ஆளுநரிடம் அளிக்கப்பட்டுச் சட்டமன்றத்தில் வைக்கப்படுகின்றன. அட்டையில் தமிழ்நாடு அரசு என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் அவற்றின் ஆசிரியர் தலைமைக் கணக்காயர்தான். நூலகப் பட்டியலுக்கான கணினிப் பதிவு வடிவமாகிய மார்க் 21இன் 008 புலத்தில் 28ஆம் இடத்தில் அரசு வெளியீட்டின் நிலையைக் குறிக்கும் எழுத்து மாநில அரசுக்கு ஒன்று, மத்திய அரசுக்கு வேறொன்று. அந்த ஓர் எழுத்தைத் தொடக்கத்திலேயே சரியாக இட்டுவிட்டால், பின்னாளில் மாநில அரசு வெளியீடுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க முடியும்.

மாநில அரசின் வெளியீடுகள் என்று எஞ்சுபவற்றைப் பொது அடுக்கில் கலக்காமல் தனிச் சேகரிப்பாக வைத்து, வெளியிட்ட துறையின் அடிப்படையில் அடுக்குவதே நல்லது என்பது என் கருத்து. அமெரிக்காவில் ஆவணக் கண்காணிப்பாளர் அலுவலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இப்படித்தான் செய்துவருகிறது: முதலில் வெளியிட்ட அமைப்பு, அதன் கீழ் உட்பிரிவு, அதன் கீழ் வெளியீட்டுத் தொடர், இறுதியில் ஆண்டு அல்லது எண். பொருளைப் பற்றிய கேள்வியே அந்த எண்ணில் எழுவதில்லை. அங்குள்ள மாநிலங்கள் பலவும் இதைத் தழுவித் தமக்கென்று முறைகளை அமைத்துக்கொண்டன. அந்த முறையின் குறையும் ஊரறிந்ததே. அமைப்பு மாறினால் எண்ணும் மாறுவதால், ஒரே ஆண்டறிக்கை நான்கு இடங்களில் நிற்க நேரிடும்.

நம் மாநிலத்தில் இக்குறை இன்னும் கடுமையாகத் தெரியும். 2021இல் மட்டும் வேளாண்மைத் துறை வேளாண்மை - உழவர் நலத்துறை ஆயிற்று. பணியாளர் மற்றும் நிருவாகச் சீர்திருத்தத் துறை மனிதவள மேலாண்மைத் துறை ஆயிற்று. சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறையின் பெயரில் காலநிலை மாற்றம் சேர்ந்தது. பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது. ஆகவே அடுக்குக்கான குறியீடு வேறு, பட்டியலில் வரும் துறைப் பெயர் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். குறியீடு சுருக்கமாகவும் மாறாததாகவும் இருக்கட்டும். பெயர் மாற்றங்களை அதிகாரக் கோப்பு (பட்டியலில் இட வேண்டிய பெயர் வடிவங்களை வரையறுத்து வைக்கும் கோப்பு) சுமக்கட்டும். அறுபதுகளின் வேளாண்மைத் துறை அறிக்கையும் 2022இன் வேளாண்மை - உழவர் நலத்துறைக் கொள்கை விளக்கமும் ஒரே குறியீட்டின் கீழ் அடுத்தடுத்து நிற்கும். பட்டியலில் அவரவர் காலத்துப் பெயரிலேயே இருக்கும். இரு பெயர்களையும் முன்பெயர், பின்பெயர் என்ற தொடர்புக் குறிப்பு இணைக்கும்.

குறியீட்டுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. கொள்கை விளக்கக் குறிப்பின் அட்டையிலேயே மானியக் கோரிக்கை (செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதலைக் கேட்பது) எண் அச்சிடப்பட்டிருக்கும்: வேளாண்மைக்கு 5, மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுக்கு 19, பள்ளிக்கல்விக்கு 43. துறையின் பெயர் மாறினாலும் இவ்வெண் பெரும்பாலும் தொடர்கிறது. அது மட்டுமன்றி, உள்துறை போன்ற ஒரே துறையின் கீழ் வரும் காவல், தீயணைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கோரிக்கைகளும் தனித்தனிக் குறிப்புகளும் இருப்பதால், துறைப் பெயரைவிடக் கோரிக்கை எண்ணே ஆவணத்தோடு நெருக்கமாகப் பொருந்துகிறது. பழைய பத்தாண்டுகளுக்கு மட்டும் அந்தந்த ஆண்டின் வரவு செலவுத் திட்ட ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இதை நம்ப வேண்டாம்.

கோலன் பற்றாளர் (பதில்)

எழும்பூர்வாசி சொல்வதில் பட்டியல் பகுதியை ஏற்கிறேன். அடுக்குப் பகுதியை ஏற்க இயலவில்லை. கல்லூரி நூலகத்துக்கு வருபவர் மாணவர். துறைச் செயலாளர் அல்லர். காவிரிப் பாசனத்தைப் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவிக்குப் பொதுப்பணித் துறையின் குறிப்பு வேண்டும்; வேளாண்மைத் துறையின் குறிப்பு வேண்டும்; பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை வெளியிடும் பருவ மற்றும் பயிர் அறிக்கை வேண்டும்; பொதுத் தொகுப்பில் இருக்கும் தணிக்கை அறிக்கையும் வேண்டும். துறைவாரியாக அடுக்கினால் அவர் அறையைச் சுற்றிக்கொண்டே இருப்பார். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் வகுத்த நூலக விதிகளுள் ஒன்று. அவர் நூலகராக இருந்ததும் இதே சென்னையில்தான்.

அரசை நிறுவன ஆசிரியராகக் கொண்டு அதன் உறுப்பை உட்தலைப்பாக இடும் வழக்கத்தை ரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பகுப்புப் பட்டியல் விதிகளிலேயே விரிவாக வரையறுத்திருக்கிறார். அதாவது, வெளியிட்டவர் யார் என்பதற்குப் பட்டியலில் இடமுண்டு. அடுக்கில் பொருளே முதன்மை பெற வேண்டும். டூயி முறையிலும் இதற்கு வழி இருக்கிறது. எல்லாம் 351இல் குவிவதற்குக் காரணம், நீங்கள் மேல்தட்டிலேயே நின்றுவிட்டதுதான். மக்கள் நல்வாழ்வு நிருவாகம் 353.6, கல்வி நிருவாகம் 353.8, வேளாண்மை நிருவாகம் 354.5 என்று இறங்கி, அதன் பின் நிலப்பகுதி எண்ணைச் சேர்த்தால் குவியல் தானாகவே கலையும். நிருவாகத்தைவிடக் கொள்கையே மேலோங்கி நிற்கும் ஆவணமானால், கல்விக்கு 379, வேளாண்மைக்கு 338.18 என்று பொருள் வகுப்புக்கே கொண்டுபோய்விடலாம்.

ஓர் எச்சரிக்கை. 1996இல் வெளிவந்த டூயி முறையின் 21ஆம் பதிப்பு பொது நிருவாகத்துக்கான பகுதியை முழுவதுமாகத் திருத்தி எழுதியது. அதற்கு முன்பு இந்திய நிருவாகம் 354.54 என்றிருந்தது, இன்று அந்த 354க்குப் பொருளே வேறு. உங்கள் பொது அடுக்கில் பழைய எண்ணிட்ட நூல்கள் இருக்குமானால், புதிதாக இடும் 354.5 வேளாண்மை நிருவாகம் அவற்றின் நடுவே போய் அமர்ந்துவிடும். பழையவற்றை மாற்றி எண்ணிடாமல் புதியவற்றைத் தொடங்காதீர்கள்.

எழும்பூர்வாசி (பதில்)

கோலன் பற்றாளர் காட்டிய பாசன எடுத்துக்காட்டையே நானும் எடுத்துக்கொள்கிறேன். நீர்வளத் துறை பிரிவதற்கு முந்தைய பொதுப்பணித் துறையின் கொள்கை விளக்கத்தில் அணைகளும் வருகின்றன, அரசுக் கட்டடங்களும் வருகின்றன. அதைப் பாசனத்தில் வைத்தால் கட்டடக் கலை மாணவர் இழக்கிறார். கட்டடத்தில் வைத்தால் உங்கள் ஆய்வு மாணவி இழக்கிறார். தனிநூல் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசுகிறது. அரசுத் துறையோ தன் கையில் உள்ள எல்லாவற்றையும் ஓர் ஆண்டறிக்கையில் அடைக்கிறது. அத்தகைய ஆவணத்துக்கு ஒரே ஒரு பொருள் எண் இடுவது துல்லியத்தின் தோற்றத்தைத் தருமேயன்றித் துல்லியத்தைத் தராது. பொருள் தலைப்புகளைப் பட்டியலில் ஐந்தானாலும் ஆறானாலும் தாராளமாக இடலாம். அடுக்கில் ஓர் இடம்தான் கிடைக்கும்.

ஒரு பொருளை மட்டும் ஆய்ந்து எழுதிய அறிக்கைகளைப் பொறுத்தவரை நானும் அவர் பக்கமே. சட்டநாதன் தலைமையிலான பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் அறிக்கையையோ, மத்திய-மாநில உறவுகள் பற்றி இராஜமன்னார் குழு 1971இல் அளித்த அறிக்கையையோ துறைக் குறியீட்டின் கீழ்ப் புதைப்பது அறிவுடைமை ஆகாது. அவை பொருள் அடுக்கில் நூல்களோடு நூல்களாக நிற்கட்டும். தொடர் வெளியீடுகளும் எண்ணிட்ட வரிசைகளும் மட்டும் தனிச் சேகரிப்பில் துறைவாரியாக இருக்கட்டும். பின்னவற்றுக்கும் பருமட்டான ஒரு டூயி எண்ணைப் பதிவில் சேர்த்துவிட்டால், திரையில் எண் வரிசைப்படி தேடுபவருக்கு அவை அகப்படும். உங்கள் துறைக் குறியீட்டை 086 புலத்தில் இடலாம். அரசு ஆவண எண்ணுக்கென்றே அமைந்த புலம் அது.

காவிரிக்கரை நூலகர்

இருவருக்கும் மிக்க நன்றி. தொடர்களைத் துறைவாரியாகவும் தனி அறிக்கைகளைப் பொருள்வாரியாகவும் வைப்பது எங்கள் இட வசதிக்கும் பொருந்துகிறது. தலைப்பு பற்றிய ஐயமும் அரசாணைக் கட்டுகளும் மட்டும் இன்னும் எஞ்சியுள்ளன. மற்றொன்று: சில அறிக்கைகளின் தலைப்புப் பக்கத்தில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை இயக்குநரின் பெயர் மட்டுமே காணப்படுகிறது. அவரை ஆசிரியராகக் கொள்ளலாமா?

அரசிதழ் வாசகர் (பதில்)

எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை அச்சிட்டுத் தருகிறது. ஆவணத்தின் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. அதற்குரிய இடம் வெளியீட்டு விவரப் பகுதி. ஆசிரியர் யார் என்று அறிய முன்னுரையின் கீழே கையொப்பமிட்டவரின் பதவியைப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

தலைப்பைப் பொறுத்தவரை, ஆங்கில-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பும் அதன் பின் வந்த ஆர்டிஏ விதிகளும் ஒரே கருத்தைத்தான் சொல்கின்றன. அரசின் பெயர் மாறினால் புதிய தலைப்பு தோன்றுகிறது. ஆவணம் வெளிவந்தபோது எந்தப் பெயர் வழக்கில் இருந்ததோ அதுவே அதன் தலைப்பு. 1950 ஜனவரி 26க்கு முன்பு மாகாணம், அதன் பின் சென்னை மாநிலம், 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. எல்லாவற்றையும் தமிழ்நாடு என்று ஒன்றாக்கினால் தேடுபவருக்கு எளிது என்று தோன்றும். அது பெயரை மட்டும் பார்ப்பவரின் எண்ணம். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிவதற்கு முந்தைய அறிக்கையில் கர்னூலும் அனந்தப்பூரும் இருக்கும். 1956 நவம்பருக்கு முந்தையவற்றில் மலபார் இருக்கும், கன்னியாகுமரி இருக்காது. அவ்வறிக்கையின் நிலப்பரப்பு வேறு, இன்றைய தமிழ்நாட்டின் நிலப்பரப்பு வேறு. பருவ மற்றும் பயிர் அறிக்கையின் நெல் விளைச்சல் எண்களை ஆண்டு தவறாமல் ஒப்பிட விரும்பும் மாணவருக்கு இந்த வேறுபாட்டைப் பட்டியலே சொல்லிவிட வேண்டும்.

மாவட்டங்களுக்கும் இதே நெறிதான். வட ஆர்க்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் 2019இல் மேலும் மூன்றாயிற்று. தலைவர்களின் பெயரைத் தாங்கி நின்ற மாவட்டங்கள் 1997இல் ஊர்ப் பெயருக்கு மாறின. பெரியார் மாவட்டம் என்று அச்சிட்ட கையேட்டுக்கு ஈரோடு என்று தலைப்பிட்டால், நூலைக் கையில் வாங்குபவர் தவறான நூல் வந்துவிட்டதாக எண்ணக்கூடும். அக்காலப் பெயரையே வைத்து, இன்றைய பெயரிலிருந்து அதற்கு ஒரு 'காண்க' குறிப்பு கொடுங்கள். சட்டமன்ற மேலவையின் நடவடிக்கைக் குறிப்புகள் இருக்குமானால், மேலவை 1986 நவம்பர் 1 அன்று நீக்கப்பட்டதால் அந்தத் தொடரை முடிந்த தொடராகவே பதிவு செய்யலாம்.

எல்லா அமைப்புகளையும் அரசின் பெயருக்குக் கீழே கொண்டுவர வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். துறைகள், இயக்குநரகங்கள், குழுக்கள், சட்டமன்றம் ஆகியவை அரசின் கீழ் உட்தலைப்பாக வரும். மின்சார வாரியம், வீட்டு வசதி வாரியம் போன்றவை தம் பெயரிலேயே நேரடியாக வரும். மின்சார வாரியம் 2010இல் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம், தொடரமைப்புக் கழகம் என்று பிரிந்ததற்கும் தனித் தலைப்புகள் தேவை.

அரசாணைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடத் தொடங்கினால் உங்கள் பணி ஓய்வுக்குள் முடியாது. துறை, ஆண்டு, வரிசை என்ற மூன்றையும் கொண்டு கட்டுகளாகப் பதிவு செய்யுங்கள். நிலை, வாலாயம், டி என்று வரிசைகள் வெவ்வேறு. ஒவ்வொரு துறையிலும் ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆகவே அரசாணை எண் 82 என்று மட்டும் எழுதிவைத்தால் அது எதையும் அடையாளம் காட்டாது. அண்மைக்கால ஆணைகளில் ஆங்கில நாளுடன் திருவள்ளுவர் ஆண்டும் தமிழ் மாதமும் இருப்பதால், பதிவு செய்பவர் ஒரே வகை நாளையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளிலேயே விதித்துவிடுங்கள். வகுப்புவாரி உரிமை பற்றிய 1921ஆம் ஆண்டின் 613 எண் அரசாணை போன்று மக்கள் எண்ணைச் சொல்லியே கேட்கும் ஆணைகளுக்கு மட்டும் தனிப் பதிவு போட்டால் போதும்.

சட்டங்களிலும் இத்தகைய பொறி ஒன்றுண்டு. அறுபத்தொன்பது விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டத்தின் பெயரில் 1993 என்றிருக்கும். ஆனால் அது 1994ஆம் ஆண்டின் 45ஆம் சட்டம். இரு ஆண்டுகளிலும் தேடக் கிடைக்குமாறு மாற்றுத் தலைப்பை 246 புலத்தில் சேர்க்கவும். இராஜமன்னார் குழு, சட்டநாதன் ஆணையம் போன்ற வழக்குப் பெயர்களுக்கும் அதே புலம். அறிக்கையின் அதிகாரபூர்வத் தலைப்பில் தலைவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது; கேட்பவர் யாரும் அதிகாரபூர்வத் தலைப்பைச் சொல்லிக் கேட்பதும் இல்லை.

கோலன் பற்றாளர் (பதில்)

விடுபட்ட ஆண்டுகளைத் தேடும்போது வெளியீட்டாளர்கள் குறிப்பிட்ட நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும் என்னும் 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தை நினைவில் கொள்ளுங்கள். அதன் ஏழாம் பிரிவு சட்டத்தை அரசு வெளியீடுகளுக்கும் பொருத்துகிறது. அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் உரியவற்றை விலக்குகிறது. ஆகவே விற்பனைக்கோ பொது வழங்கலுக்கோ அச்சிடப்பட்டவற்றை, அப்படிகளைப் பெறும் கன்னிமாரா நூலகத்தில் தேடிப் பார்ப்பதில் பொருளுண்டு. 'அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற முத்திரையுள்ளவற்றுக்குத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் நூலகமும் அந்தந்தத் துறையுமே வழி. ஆவணங்களைப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1) பிரிவு அரசு அலுவலகங்களுக்கே கடமை விதித்திருப்பதையும் துறைக்கு எழுதும் கடிதத்தில் பணிவாகக் குறிப்பிடலாம்.

காவிரிக்கரை நூலகர்

நன்றி. இறுதியாக ஒரே ஒரு கேள்வி. கொடையாளர் வெவ்வேறு துறைகளின் கொள்கை விளக்கங்களை ஆண்டுவாரியாக ஒரே கட்டுமானத்தில் சேர்த்துத் தைத்திருக்கிறார். தமிழ்ப் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் சில இடங்களில் ஒன்றாகவே உள்ளன. துறைவாரியாக அடுக்குவதற்காக இவற்றைப் பிரித்துத் தனித்தனியாகக் கட்ட வேண்டுமா?

எழும்பூர்வாசி (பதில்)

பிரிக்க வேண்டாம். தாளின் ஓரத்தில் பழைய தையல் போட்டிருந்தால், பிரிக்கும்போது உட்பக்க எழுத்துகள் கிழியும். ஒவ்வொரு குறிப்புக்கும் தனிப் பதிவு போட்டு, 501 புலத்தில் இன்னின்னவற்றோடு சேர்த்துக் கட்டப்பட்டது என்று எழுதுங்கள். எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே அடுக்கு எண், ஒரே பட்டைக்குறி. அந்த ஆண்டின் கட்டுமானத்தை முதலில் நிற்கும் துறையின் குறியீட்டில் வைத்துவிட்டு, மற்றத் துறைகளின் அடுக்கில் அந்த ஆண்டுக்குரிய இடத்தில் ஓர் அட்டைத் துண்டை நிறுத்தினால் போதும். தமிழ்ப் பதிப்புக்கும் ஆங்கிலப் பதிப்புக்கும் தனித்தனிப் பதிவுகள் போட்டு 775 புலத்தால் இணைக்கலாம். ஓரங்களில் அவர் எழுதிய குறிப்புகள் இருக்குமானால் அதையும் உங்கள் படியைப் பற்றிய குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள். வருவாய்த் துறையில் இருந்தவர் வருவாய்த் துறையின் கொள்கை விளக்கத்தில் எழுதிவைத்த திருத்தங்கள் அச்சில் வேறெங்கும் கிடைக்காது.